கல்லூரியில் வரலாறு படிக்கலாமா? முடிவெடுக்க உதவுங்கள்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளி இறுதி வகுப்பு மாணவி. கல்லூரி விண்ணப்பத்தில் முதன்மைப் பாடத்தைக் குறிப்பிட இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. வரலாறு என்று எழுத வேண்டும் என்ற ஆசை சிறு வயது முதலே எனக்கு உண்டு. ஆனால் அந்த ஆசையை நம்பலாமா என்பதில் அண்மையில் எனக்குப் பெரிய ஐயம் எழுந்துவிட்டது.

அதற்குக் காரணம் ஒரு சிறு நிகழ்ச்சி. பள்ளித் தேர்வில் 1789ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் ஏழு காரணங்களை வரிசையாக எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். விடைத்தாளைப் புரட்டிப் பார்த்த என் தம்பி, "இந்த ஏழில் எது இல்லாமல் போயிருந்தால் புரட்சி நடந்திருக்காது, அக்கா?" என்று கேட்டான். என்னால் ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்ல முடியவில்லை. அவனுக்கு வயது பதினொன்று. விளையாட்டாகக் கேட்டுவிட்டு அவன் போய்விட்டான். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. முழு மதிப்பெண் வாங்கிய ஒரு விடையைப் பற்றி எனக்கு உண்மையில் எதுவும் தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது.

எனக்கு வரலாற்றில் பிடித்தது கதைகளும் மனிதர்களும் போர்களும் மட்டும்தானோ என்ற பயம் இப்போது வந்திருக்கிறது. கல்லூரியில் கற்பிக்கப்படும் வரலாறு, பள்ளியில் நான் மனப்பாடம் செய்ததன் பெரிய வடிவமா, அல்லது என் தம்பி கேட்ட கேள்வியைப் போன்றதா? கதை பிடிக்கும் என்ற ஒன்றை மட்டும் நம்பி மூன்று, நான்கு ஆண்டுகளை ஒரு பாடத்துக்குக் கொடுக்கலாமா? என் பெற்றோர் தடுக்கவில்லை. ஆனால் படித்து முடித்தபின் என்ன வேலைக்குப் போவாய் என்று அவர்கள் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. இத்துறையில் படித்தவர்களும் படிக்கத் தொடங்கி விலகியவர்களும் உள்ளதை உள்ளபடி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி (கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவர்)

அம்மா, உங்கள் தம்பி கேட்ட கேள்வியைக் கொண்டே முதலாண்டு வகுப்பில் ஒரு பருவம் முழுவதையும் நடத்திவிடலாம். அதற்கு விடை தெரியாததற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. விடை தெரியாமல் தூக்கம் கெட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

பள்ளிப் பாடத்தில் காரணங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, எல்லாம் ஒரே எடையுள்ளவை போல நிற்கும். கல்லூரியில் அவற்றை ஒன்றோடொன்று மோதவிட வேண்டியிருக்கும். 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இறந்தவர்கள் ஏறத்தாழ 20 முதல் 30 லட்சம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் அடித்த புயல் கடலோர வயல்களை அழித்தது. எதிரி கைக்குப் போய்விடக் கூடாது என்று அரசு படகுகளைப் பறிமுதல் செய்தது. போர்ச் செலவால் விலைவாசி ஏறியது. பள்ளி விடைத்தாளுக்கு இவ்வளவு போதும். ஆனால் 1981இல் அமர்த்தியா சென் முன்வைத்த வாதத்தைப் படித்தவுடன் இந்தப் பட்டியல் ஆட்டம் காணும். 1943இல் வங்காளத்தில் இருந்த உணவு தானியம், பஞ்சமே வராத 1941ஐ விடக் குறைவாக இல்லை என்றும், விலை ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறாததால் நிலமற்ற கூலிகளும் மீனவர்களும் அரிசியை வாங்கும் வலிமையை இழந்தார்கள் என்றும் அவர் கணக்குக் காட்டினார். பிறகு வந்த சிலர் அந்தக் கணக்கின் அடித்தளத்தையே கேள்வி கேட்டார்கள். விளைச்சல் பற்றிய அரசுப் புள்ளிவிவரம் நம்பத்தக்கதா, நெற்பயிரைத் தாக்கிய நோயின் அளவு அதில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. ஆக, பஞ்சம் ஏன் வந்தது என்ற கேள்வி, ஒரு கிராமத்துக் கணக்கர் விளைச்சலை எப்படி மதிப்பிட்டு எழுதினார் என்ற கேள்வியில் போய் நிற்கிறது. கல்லூரி வரலாறு இப்படித்தான் பெரிய கேள்வியிலிருந்து ஒரு துண்டுத் தாளுக்கு இறங்கும்; அந்தத் தாளிலிருந்து மறுபடியும் மேலே ஏற வேண்டும். இந்த ஏற்ற இறக்கம் உங்களுக்குப் பிடிக்குமா என்பதுதான் நீங்கள் உங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டியது.

கதை பிடிக்கும் என்பதைக் குறையாக எண்ணாதீர்கள். வரலாற்றுக்குள் வந்த பெரும்பாலோர் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள், நானும் அப்படியே. உள்ளே வந்தபின் அந்தக் கதை நமக்கு எப்படித் தெரிய வந்தது என்ற இரண்டாவது கதையும் பிடித்துப்போக வேண்டும். அசோகரைப் பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். அவருடைய கல்வெட்டுகளைப் பல நூற்றாண்டுகளாக யாராலும் படிக்க முடியவில்லை. நாணயச் சாலை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சி தூபியின் கல்வேலியில் இருந்த சிறு சிறு எழுத்துப் பொறிப்புகளின் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவற்றுள் பல ஒரே எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். கோயிலுக்குப் பொருள் கொடுத்தவர்கள் தம் பெயரை எழுதிவைப்பது வழக்கம் என்பது நினைவுக்கு வர, அந்த முடிவு 'தானம்' என்ற சொல்லாக இருக்கலாம் என்று ஊகித்தார். நாம் இன்றும் சொல்லும் அதே தானம்தான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அசோகர் கல்வெட்டுகளிலும் இருந்த அந்தப் பிராமி எழுத்துகளை 1837இல் அவர் படித்து முடித்தார்.

அதன் பிறகும் சிக்கல் தீரவில்லை. கல்வெட்டுகளில் 'தேவனாம்பிய பியதசி' என்ற பட்டம் இருந்ததே தவிர, அசோகர் என்ற பெயர் இல்லை. அவர் ஓர் இலங்கை மன்னர் என்றுதான் பிரின்செப் முதலில் நினைத்தார். இலங்கையில் பாலி நூல்களைப் படித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் டர்னர், அந்தப் பட்டம் அசோகருக்குரியது என்று எடுத்துக்காட்டினார். 1915இல், இன்றைய கர்நாடகத்தில் உள்ள மஸ்கியில் கிடைத்த கல்வெட்டில் அசோகர் என்ற பெயரே பொறிக்கப்பட்டிருந்தபோதுதான், எழுபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் செய்த ஊகத்துக்குக் கல்லிலேயே சான்று கிடைத்தது. இதைப் படிக்கையில் கலிங்கப் போரைப் படித்தபோது வந்த பரபரப்பு உங்களுக்கு வந்ததா? வந்திருந்தால் தயங்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாசிப்பின் அளவு மிகுதி. வாரந்தோறும் பல நூறு பக்கங்கள் படித்து, படித்ததைச் சுருக்காமல், அதனோடு வாதிட்டு எழுத வேண்டும். எழுதப் பிடிக்காதவர்கள் இங்கே மிகவும் துன்பப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.


மறுமொழி (ஓராண்டுக்குப் பின் வரலாற்றிலிருந்து விலகியவர்)

தங்கைக்கு வணக்கம். விலகியவர்களும் எழுதலாம் என்று கேட்டிருப்பதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

முதலாண்டின் இரண்டாம் பருவத்தில் பழைய நிலவரிப் பதிவேடு ஒன்றின் நகலை எங்களுக்குக் கொடுத்தார்கள். ஏறத்தாழ அறுபது பக்கம். பெயர், நிலத்தின் அளவு, கட்டிய தொகை, பாக்கி, வேறொன்றும் இல்லை. இரண்டு வாரம் அதைப் படித்து ஏதேனும் ஒன்றைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். நான் மூன்றாம் நாளே களைத்துவிட்டேன். என் அருகில் இருந்த தோழி ஒரே ஒரு பெயரைப் பின்தொடர்ந்தாள். அந்த மனிதர் கட்டிய தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. நான்காம் ஆண்டில் அவருடைய பெயர் இருந்த இடத்தில் 'மனைவி' என்ற சொல் மட்டும் இருந்தது. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட எழுதியவர் குறிக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு அந்த நிலம் வேறொருவர் பெயரில் போயிருந்தது. அவள் அதை எனக்குக் காட்டியபோது அவளுடைய விரல் அந்தச் சொல்லின் மேல் அப்படியே நின்றது. அவள் கண் கலங்கியிருந்தாள். என்னிடம் எந்த அசைவும் இல்லை. அதே பதிவேட்டின் தொகைகளை அட்டவணையாக்கிப் பார்ப்பதில்தான் எனக்கு ஆர்வம் இருந்தது.

அந்த ஆண்டு முடிவில் புள்ளியியலுக்கு மாறினேன். இன்று வரை அதற்காக வருந்தியதில்லை. வரலாற்றைக் குறைவாகவும் நினைக்கவில்லை. எனக்கு வருத்தமெல்லாம், ஒரு மாலை நேரத்தில் செய்து பார்த்திருக்கக்கூடிய சோதனைக்கு ஓராண்டைச் செலவிட்டோமே என்பதுதான். நீங்கள் விண்ணப்பிக்கும் முன் யாரும் விளக்கம் எழுதாத ஒரு பழைய தாளையோ நோட்டையோ எடுத்து, தனியாக மூன்று மணி நேரம் அதனோடு உட்காருங்கள். வரலாற்று நூல் வேண்டாம்; நூலில் சலிப்பான வேலையையெல்லாம் ஆசிரியர் நமக்காகச் செய்து முடித்திருப்பார்.


மறுமொழி (வரலாறு படித்துவிட்டுக் காப்பீட்டுத் துறையில் பணிபுரிபவர்)

உங்கள் பெற்றோர் கேட்கும் கேள்வியைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனெனில் அதை மற்றவர்கள் இன்னும் தொடவில்லை.

மருத்துவம் படித்தவர் மருத்துவர் ஆகிறார். வரலாறு படித்தவருக்கு அப்படி ஒரே பெயருள்ள வேலை இல்லை. ஆசிரியப் பணி, ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், தொல்லியல், ஆராய்ச்சி ஆகியவை நேரடியான வழிகள். ஆனால் அவற்றில் இடங்கள் குறைவு. பெரும்பாலானவற்றுக்கு முதுகலையும் அதற்கு மேலும் வேண்டும். சட்டம், இதழியல், பதிப்புத் துறை, அரசுப் பணித் தேர்வுகள் என்று போனவர்களும் என்னுடன் படித்தவர்களில் பலர். பட்டம் வாங்கிய பிறகு முதல் இரண்டு ஆண்டுகள் எனக்குக் கடினமாகத்தான் இருந்தன. நேர்காணலில் நான் படித்த பாடத்தைப் பற்றி யாரும் ஆர்வமாகக் கேட்டதில்லை. ஒரு பக்கத்தைத் தெளிவாக எழுதத் தெரியுமா என்று பார்த்தார்கள். அது எனக்கு வந்தது.

இப்போது இழப்பீடு கேட்டு வரும் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோப்பில், விபத்து நடந்த வாரத்திலேயே எழுதப்பட்டதாக ஒரு கடிதம் இருந்தது. கையெழுத்து சரி, முத்திரை சரி, தேதி சரி. தாளின் தலைப்பில் அச்சிட்டிருந்த முகவரி மட்டும் எனக்கு உறுத்தியது. அந்த நிறுவனம் அந்த முகவரிக்குக் குடிபெயர்ந்ததே கடிதத் தேதிக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து என்பது வேறொரு கோப்பிலிருந்து தெரிந்தது. கடிதம் பின்னால் தயாரிக்கப்பட்டது என்பது அத்தோடு உறுதியாகிவிட்டது.

இந்தப் பழக்கத்தை நான் எந்த அலுவலகப் பயிற்சியிலும் கற்கவில்லை. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குப் பகுதியின் ஆட்சியைப் போப்பாண்டவருக்கு எழுதிக்கொடுத்தார் என்று ஓர் ஆவணம் பல நூற்றாண்டுகள் நம்பப்பட்டு வந்தது. 1440இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா அதன் லத்தீன் மொழியை ஆராய்ந்து, கான்ஸ்டன்டைன் வாழ்ந்த நான்காம் நூற்றாண்டில் அப்படிப்பட்ட சொற்களை யாரும் அவ்வாறு கையாண்டிருக்க முடியாது என்று காட்டி, அது போலி என்று நிறுவினார். இதை முதலாண்டில் படித்தபோது தேர்வுக்கு வரக்கூடிய பகுதி என்று மட்டும்தான் நினைத்தேன். அந்தக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது வல்லாதான் என் நினைவுக்கு வந்தார்.

ஆகவே பெற்றோரிடம் வேலை கிடைத்துவிடும் என்று உறுதி கூறாதீர்கள். வரலாற்றோடு சேர்த்து இன்னொரு திறனையும் கற்பேன் என்று சொல்லி, அதைச் செய்யுங்கள். இன்னொரு மொழி, அடிப்படைப் புள்ளியியல், வரைபட மென்பொருள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். பட்டத்தோடு அதுவும் கையில் இருந்தவர்கள் என் வகுப்பில் விரைவாகவே நிலைபெற்றார்கள்.


கேள்வி கேட்டவரின் பதில்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் அண்ணாவுக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா சொன்ன சோதனையைச் செய்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மறைந்த என் பாட்டி எழுதிவந்த வரவு செலவு நோட்டு ஒன்று பரணில் இருந்தது. அதை எடுத்து ஞாயிறு மாலை முழுவதும் படித்தேன். முதல் ஒரு மணி நேரம் எதுவும் புலப்படவில்லை. பிறகு ஒன்று கண்ணில் பட்டது. ஒரு நாள்கூட விடாமல் எழுதியவர், ஒரு மாதத்தில் மட்டும் பதினொரு நாள் எதுவுமே எழுதவில்லை. பன்னிரண்டாம் நாளில், எதுவும் நடக்காதது போலக் கணக்கு மறுபடியும் தொடங்குகிறது. அம்மாவுக்கு அப்போது மிகச் சிறு வயது, அவருக்கு நினைவில்லை. பாட்டி அப்போது நோய்வாய்ப்பட்டிருந்தார் என்கிறார் பெரியம்மா. பாட்டி கோபித்துக்கொண்டு தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தார் என்கிறார் மாமா. இருவரும் உறுதியாகச் சொல்கிறார்கள். மூன்று நாட்களாக எனக்கு வேறு நினைவே இல்லை.

எனவே விண்ணப்பத்தில் வரலாறு என்றே எழுதப்போகிறேன். ஐயாவிடம் இரண்டு சிறு கேள்விகள். கல்லூரிகளின் பாடத்திட்டங்களை ஒப்பிடும்போது எதைப் பார்க்க வேண்டும்? புதிதாக ஒரு மொழி கற்பதானால் எதிலிருந்து தொடங்குவது?


மறுமொழி (கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவர்)

மிக்க மகிழ்ச்சி, அம்மா. பாடத்திட்டத்தில் எந்த நாட்டு வரலாறு, எந்த நூற்றாண்டு என்ற தலைப்புகளைப் பார்த்து மயங்க வேண்டாம். அவை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மூல ஆவணங்களை நேரடியாகப் படிக்கும் தாள் ஒன்று உண்டா, வரலாற்றை எழுதும் முறைகளைப் பற்றிய தாள் உண்டா, இறுதியாண்டில் மாணவரே சொந்தமாக ஓர் ஆய்வேடு எழுத வேண்டுமா என்று பாருங்கள். முடிந்தால் நூலகத்துக்குள் ஒருமுறை போய்வாருங்கள். அங்கே மாணவர்கள் அலமாரிகளுக்கு இடையே நின்று தாமாகவே நூல்களை எடுக்க முடிகிறதா என்பது, விளம்பர ஏட்டில் அச்சிடாத ஆனால் மூன்றாண்டும் உங்களைப் பாதிக்கும் செய்தி.

மொழியைப் பொறுத்தவரை, நீங்கள் எந்தக் காலத்தைப் படிக்க விரும்புகிறீர்களோ அந்தக் காலத்து ஆவணங்களின் மொழியே உங்களுக்கு உரியது. அது இன்னும் முடிவாகவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். முதலாண்டு முடியட்டும். அதற்கு முன் உங்கள் தாய்மொழியிலேயே பழைய கையெழுத்துகளைப் படிக்கப் பழகுங்கள். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பை அச்சில் படித்தாலே, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முந்தைய உரைநடை எவ்வளவு வேறாக இருந்தது என்பது தெரியும்.

பாட்டியின் நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் பேனாவால் எதையும் குறிக்காதீர்கள். பக்கங்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டு படத்தில் குறியுங்கள். இடைவெளிக்கு முந்தைய நாளின் கையெழுத்தையும் பன்னிரண்டாம் நாளின் கையெழுத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நோயிலிருந்து எழுந்த கை சற்றே தளர்ந்திருக்கக்கூடும். ஆனால் அது மட்டுமே சான்றாகிவிடாது. அந்தப் பதினொரு நாளுக்கு முன்னும் பின்னும் மருந்துக்கோ பயணத்துக்கோ செலவு எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். பெரியம்மாவையும் மாமாவையும் தனித்தனியாக உட்காரவைத்து, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லாமல், இருவர் சொல்வதையும் அவரவர் வார்த்தையிலேயே தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள். இருவரும் சொல்வது உண்மையாக இருக்கவும் இடமிருக்கிறது. உடல்நலமின்றித் தாய்வீட்டுக்குப் போன ஒரு பெண்ணை ஒரு பிள்ளை ஒரு விதமாகவும் இன்னொரு பிள்ளை வேறு விதமாகவும் நினைவில் வைத்திருக்கலாம். நோட்டில் ஏதேனும் கிடைத்தால் இங்கே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.